எபோலா எந்த வழியாக உள்ளே வருகிறது?

கானாவில் வேலை பார்க்கும் ஒருவரின் தந்தை கேட்டிருக்கிறார்: "மகன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவன் எபோலாவையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். விமான நிலையத்தில் காய்ச்சல் பார்த்து அனுப்பினால் போதுமா? இது காற்றில் பரவுமா?"

முதலில் அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு வரைபடம் தேவை. 2025 செப்டம்பரில் எபோலா அறிவிக்கப்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசின் கசாய் மாகாணத்தில். கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து அது 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். 2014-இல் கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் பற்றி எரிந்தபோதுகூட, அவற்றுக்கு எவ்வளவோ அருகில் இருக்கும் கானாவில் ஓர் எபோலா நோயாளியும் உறுதிசெய்யப்படவில்லை. ஆப்பிரிக்கா என்பது ஒரு தாலுகா அல்ல, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம். பையன் நிம்மதியாக வந்து பொங்கல் சாப்பிடட்டும்.

ஆனால் கேள்வியின் இரண்டாம் பகுதி நல்ல கேள்வி. விமான நிலையத்து வெப்பமானியால் எபோலாவைப் பிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. வைரஸ் உடலுக்குள் புகுந்து நோய்க்குறி தென்பட 2 முதல் 21 நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் ஒருவர் மூன்று கண்டங்களைத் தாண்டிவிடலாம், உடம்பு சுடாது. 2014 செப்டம்பர் 20 அன்று லைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் டாலஸ் நகருக்கு வந்த தாமஸ் எரிக் டங்கனுக்குப் புறப்படும் இடத்தில் வெப்பநிலை பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. சில நாள் கழித்துக் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மீண்டும் ஆம்புலன்ஸில் வந்த பிறகுதான் எபோலா என்று தெரிந்தது. அக்டோபர் 8 அன்று இறந்தார். அவரோடு விமானத்தில் வந்தவர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்களுக்கும் தொற்றவில்லை. கடைசி நாட்களில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்ட செவிலியர் இருவருக்குத் தொற்றியது, இருவரும் பிழைத்தார்கள். எபோலாவின் முழுக் குணமும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. நோய்க்குறி வராதவர் பரப்புவதில்லை. நோய் முற்ற முற்ற இரத்தத்திலும் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் வைரஸ் பெருகிக்கொண்டே போகிறது. இறந்த உடல் இன்னும் ஆபத்தானது, அதனால்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் பிணத்தைக் குளிப்பாட்டும் சடங்கு வழியாகக் குடும்பம் குடும்பமாக நோய் பரவியது.

ஆக, காற்றில் பரவும் நோயல்ல. தட்டம்மை கண்ட ஒரு குழந்தையிடமிருந்து, தடுப்பூசி போடாத ஊரில், 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 2014-இல் எபோலா நோயாளி ஒருவரிடமிருந்து சராசரியாக இரண்டு பேருக்குத்தான் தொற்றியது. அப்படியும் 28,000-க்கு மேற்பட்டவர்களைப் பிடித்து 11,000-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது என்றால், அங்கே கையுறையும் சோப்பும் தண்ணீரும் இல்லாத மருத்துவமனைகள் எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நாட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைவிட ஒரு செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பதில்தான் இந்த வைரஸின் கைவரிசை தெரியும்.

ஒரு வைரஸ் செல்லுக்குள் போக, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏதாவதொரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். எய்ட்ஸ் வைரஸுக்கு சிடி4, கொரோனாவுக்கு ஏசிஇ2. எபோலாவுக்கும் அப்படி ஒன்று செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் என்று பல ஆண்டுகள் தேடினார்கள். ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்கள் ஒன்றிரண்டு அகப்பட்டன. ஆனால் 'இது இல்லாவிட்டால் நுழையவே முடியாது' என்று சொல்லத்தக்க ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. தேடிய இடமே வேறு என்பது 2011-இல் தெரிந்தது.

எபோலா நூல் போன்ற வைரஸ். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு, நீளம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். உள்ளே ஏழே மரபணுக்கள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. வெளியே ஒரு கொழுப்புப் படலம். அதில் ஒரே வகைப் புரதம் மட்டும் முட்களாக நீட்டிக்கொண்டிருக்கும், அதை ஜி.பி. என்பார்கள். படலத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட கொழுப்பு மூலக்கூறையும் வைரஸ் வைத்திருக்கிறது. நம் உடலில் ஒரு செல் செத்துப்போகும்போது, 'என்னை அப்புறப்படுத்துங்கள்' என்று அறிவிக்க அதே மூலக்கூறைத்தான் வெளியே காட்டும். பக்கத்துச் செல்கள் அதைக் கண்டு குப்பை என்று விழுங்கிவிடும். எபோலாவையும் அப்படியே விழுங்குகின்றன. பிணவேடம் போட்டு உள்ளே போகிறது வைரஸ்.

விழுங்கிய பொருளை ஒரு குமிழுக்குள் அடைத்துச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழ் ஆழத்துக்குப் போகப் போக அதில் அமிலம் ஏறும், செரிமான நொதிகள் வந்து சேரும். வழக்கமாக அங்கே கிருமி சிதைந்துபோகும். எபோலா காத்திருப்பதே இந்த நொதிகளுக்காகத்தான்.

ஜி.பி. புரதத்தில் ஏற்பியைப் பற்றும் பகுதி வெளியே தெரியாது. சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த ஒரு பெரிய மூடி அதை மறைத்திருக்கிறது. மட்டை உரிக்காத தேங்காயைக் கல்லில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உடையாதல்லவா, அந்த நிலையில்தான் வைரஸ் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் நோயெதிர்ப்பு அணுக்கள் உருவாக்கும் எதிர்ப்புரதங்கள் மேலேயிருக்கும் அந்த மூடியில் ஒட்டி வீணாவதும் உண்டு. குமிழுக்குள் வந்ததும் கத்தெப்சின் என்ற செரிமான நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. அவை புரதத்தை எங்கே கண்டாலும் வெட்டும். ஜி.பி.யின் மூடியை வெட்டி எறிகின்றன. அடியில் இருக்கும் மையப்பகுதி இறுக்கமாக மடிந்திருப்பதால் வெட்டுப்படாமல் தப்புகிறது. மிஞ்சியது எபோலா இவ்வளவு நேரம் ஒளித்து வைத்திருந்த பற்றும் முனை. கிருமியை அழிப்பதற்காக நாம் வைத்திருக்கும் நொதியே அதற்கு வேண்டிய வேலையைச் செய்துகொடுக்கிறது.

அந்த முனை பற்றுவது எதை? குமிழின் சுவரிலேயே, உட்பக்கம் பார்த்தபடி, என்பிசி1 என்ற புரதம் இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து செல்லுக்குள் வந்த கொலஸ்ட்ராலைக் குமிழிலிருந்து வெளியே எடுத்து மற்றப் பகுதிகளுக்கு அனுப்புவது அதன் வேலை. வைரஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதன் உட்புற வளைவு ஒன்றில் உரிக்கப்பட்ட ஜி.பி. போய் உட்காருகிறது. உடனே ஜி.பி.யின் அடிப்பகுதி விரிந்து நீண்டு குமிழின் சுவரில் குத்தி, வைரஸின் படலத்தையும் குமிழின் படலத்தையும் இழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இறங்குகிறது. அதன்பின் நடப்பது எல்லா வைரஸுக்கும் உரிய கதைதான், விட்டுவிடுகிறேன். செல்லின் வெளியே அல்லாமல் உள்ளே ஒளிந்திருக்கும் ஏற்பியை நம்பி வாழும் வைரஸாக முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது எபோலாதான்.

இதைக் கண்டுபிடித்த முறையும் அழகு. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருக்கும் கார்த்திக் சந்திரனும் கூட்டாளிகளும் அசல் எபோலாவோடு தொடங்கவில்லை. மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வாயில் கொப்புளம் போடும் வி.எஸ்.வி. என்ற வைரஸை எடுத்து, அதன் மேற்புரதத்தை நீக்கிவிட்டு எபோலாவின் ஜி.பி.யை மாட்டினார்கள். நுழைவது எபோலா மாதிரி, ஆனால் கொல்லாது. பிறகு மனித செல்களில் ஒரு விசித்திர வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, இந்த செல்களில் பெரும்பாலும் ஒரே பிரதி. ஒன்றைக் கெடுத்தால் ஈடுகட்ட மற்றொன்று இல்லை. கோடிக்கணக்கான செல்களில் கண்ணை மூடிக்கொண்டு மரபணுக்களைக் கெடுத்து, எல்லாவற்றின் மீதும் அந்த வேடமிட்ட வைரஸை ஊற்றினார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்த செல்களைத் திறந்து பார்த்தால், மிகப் பலவற்றில் கெட்டுப்போயிருந்தது என்பிசி1 மரபணு. அதே நேரத்தில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ஜேம்ஸ் கன்னிங்ஹாம் குழுவும் முற்றிலும் வேறு பாதையில், எபோலா நுழைவதைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளைப் பின்தொடர்ந்து, அதே புரதத்தில் போய் நின்றது.

இந்த மரபணு பிறவியிலேயே பழுதானால் நீமன்-பிக் சி என்ற அரிய நோய் வரும். கொலஸ்ட்ரால் வெளியேற வழியில்லாமல் மூளை செல்களில் தேங்கி, பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே நடை தடுமாறி, பேச்சு குழறி, உயிரைப் பறிக்கும் கொடிய நோய். அந்த நோயாளிகளின் தோல் செல்களை வாங்கி எபோலாவை விட்டுப் பார்த்தார்கள். வைரஸ் குமிழுக்குள் போனது, நொதிகள் மூடியை உரித்தன, அதற்கு மேல் ஓரடி நகர முடியவில்லை. பற்ற ஆளில்லை. நீமன்-பிக் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டவர்களிடம் 'லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு இவ்வளவு செலவா' என்று எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்! அந்த மரபணுவை 1997-இல் யாரோ பொறுமையாகத் தேடி எடுத்து வைத்திருக்காவிட்டால், 2011-இல் கிடைத்த பெயர், பட்டியலில் இன்னொரு எழுத்துக்கூட்டமாகவே இருந்திருக்கும்.

வௌவால் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் கூட்டமாக வாழும் வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால் ஒன்று உண்டு. அதன் என்பிசி1 புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் எபோலாவால் அதைச் சரியாகப் பற்ற முடியவில்லை என்று 2015-இல் கண்டார்கள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் ஒன்று! வௌவால்களும் இந்த வகை வைரஸ்களும் நெடுங்காலமாக ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதற்கான தழும்பாக அதைப் பார்க்கிறார்கள்.

என்பிசி1 நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருப்பதால்தான் எபோலா கல்லீரல், இரத்தக்குழாய்ச் சுவர், நோயெதிர்ப்பு அணுக்கள் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் கை வைக்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் எளிதில் எட்டாத கண்ணிலும் விதைப்பையிலும் குணமான பிறகும் பதுங்கியிருக்கிறது. 2014 நவம்பரில் லைபீரியாவிலிருந்து டெல்லி வந்த ஒருவரைத் தனிமைப்படுத்தினார்களே, அது இதனால்தான். அவர் அங்கேயே நோய் வந்து குணமானவர், சான்றிதழும் வைத்திருந்தார். இரத்தத்தில் வைரஸ் இல்லை, விந்துவில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அதனால் எந்த ஆபத்தும் இல்லை. 'இந்தியாவுக்குள் எபோலா' என்று தொலைக்காட்சிகள் அலறியது மட்டும்தான் நடந்தது.

பயம் வந்தால் கைமருந்தும் கூடவே வரும். 2014 ஆகஸ்டில் நைஜீரியாவில் உப்புநீர் குடித்தால் எபோலா அண்டாது என்று கைப்பேசிச் செய்தி பரவி, அளவுக்கு மீறிக் குடித்துச் செத்தவர்கள் உண்டு என்று செய்திகள் வந்தன. நாம் சிரிக்க வேண்டாம். ஒவ்வொரு புதுக் காய்ச்சலுக்கும் ஒரு கஷாயத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் நம் குடும்பக் குழுவிலேயே இருக்கிறார்கள். குமிழுக்குள் கத்தெப்சின் மூடியை உரிக்கும் இடத்துக்கு அந்தக் கஷாயம் எப்படிப் போய்ச் சேரும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அதே நைஜீரியா உருப்படியாகச் செய்ததையும் பாருங்கள். 2014 ஜூலை 20 அன்று லைபீரிய அதிகாரி ஒருவர் லாகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் நகரம் அது. அவரை விடுவிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தும், மருத்துவர் அமெயோ அடடெவோ அசையவில்லை. ஆகஸ்ட் 19 அன்று அவரும் அதே நோயில் இறந்தார். போலியோ ஒழிப்புக்காக அமைத்திருந்த கட்டுப்பாட்டு மையத்தையும் ஆட்களையும் அப்படியே எபோலாவுக்குத் திருப்பிவிட்டு, தொடர்பில் இருந்த ஏறக்குறைய 900 பேரை வீடு வீடாகப் போய்த் தினமும் பார்த்தார்கள். மொத்தம் 20 பேருக்கு நோய், 8 மரணம். அக்டோபர் 20 அன்று எபோலா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. பணக்கார டாலஸில் முதல்முறை வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பினார்கள், ஏழை லாகோஸில் தடுத்து நிறுத்தினார்கள். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலோடு வருகிறவரிடம் 'எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள்' என்று கேட்கும் ஒரு செவிலியர், விமான நிலையத்துப் பத்து வெப்பமானிகளுக்குச் சமம் என்பது என் கட்சி.

அந்த வேடமிட்ட வி.எஸ்.வி. நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே ஏற்பாட்டைக் கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்தில் தடுப்பூசியாகச் செய்து வைத்திருந்தார்கள். ஆபத்தில்லாத வைரஸ் எபோலாவின் ஜி.பி.யை அணிந்து வந்தால், உடல் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். குரங்குகளை அது முழுமையாகக் காத்தது என்று 2005-இலேயே வெளியானது. பிறகு பத்தாண்டு அலமாரியில் கிடந்தது. வாங்கக் காசுள்ளவர்களுக்கு எபோலா வரவில்லை, வந்தவர்களிடம் காசில்லை, எந்த நிறுவனம் முதலீடு போடும்? 11,000 பேர் செத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கினியாவில் அதை மனிதர்களிடம் சோதித்தார்கள். நோயாளி ஒருவர் அகப்பட்டால் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கும், அவர்களைச் சுற்றியிருப்பவர்களுக்கும் போடுவது, பெரியம்மையை ஒழித்த அதே உத்தி. உடனே ஊசி போட்டுக்கொண்டவர்களில் 10 நாளைக்குப் பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை. 2019-இல் உரிமம் கிடைத்தது.

அது ஜயர் என்ற வகை எபோலாவுக்கு மட்டுமே. சூடான் வகைக்கு அந்த ஜி.பி. பொருந்தாது. 2025 ஜனவரி 30 அன்று உகாண்டாவின் கம்பாலாவில் சூடான் வகை அறிவிக்கப்பட்டபோது, அதே வி.எஸ்.வி.யில் சூடான் வகையின் ஜி.பி.யை மாட்டிய ஊசி கையில் தயாராக இருந்தது. நான்கே நாளில் சோதனை தொடங்கிவிட்டார்கள்.