காலநிலைப் புனைவு

மனிதச் செயல்களால் புவியின் காலநிலை மாறுவதையும், அந்த மாற்றத்துக்குள் மனிதர் வாழ நேர்வதையும் கதையின் அடித்தளமாகக் கொண்ட நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவை காலநிலைப் புனைவு எனப்படும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கிளை-ஃபை’ (cli-fi, climate fiction என்பதன் சுருக்கம்) என்ற பெயரை, தாய்வானில் வசித்த அமெரிக்க இதழாளர் டான் புளூம் 2000களின் பிற்பகுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விஞ்ஞானப் புனைகதைக்கு 1950களில் பரவிய ‘சை-ஃபை’ என்ற பெயரின் ஓசையை ஒட்டி அது அமைந்தது. தமிழில் அப்படியே எழுதினால் மரக்கிளையும் சுற்றத்தாருமே நினைவுக்கு வருவர்; ஒலிபெயர்ப்பு இங்கே உதவாது.

தமிழகத்து இதழ்கள் பருவநிலை மாற்றம் என்றும் எழுதுகின்றன. இலங்கையில் பாடநூல்களிலும் செய்திகளிலும் காலநிலை என்பதே வழக்கு. பொருள் நோக்கிலும் அதுவே பொருத்தமானது என்பேன். பருவம் ஓராண்டுக்குள் வந்து போவது. இன்று கொழும்பில் மழை என்பது வானிலை. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை என்பது பருவம். குறைந்தது 30 ஆண்டுகளின் வானிலைப் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிவதே காலநிலை. ‘புனை’ என்பதற்கு மாலை தொடுத்தல், அழகுசெய்தல், செய்யுள் இயற்றல் என்று பொருள் விரியும். அறிந்த உண்மைகளைத் தொடுத்துக் கதையாக்கும் இவ்வகைக்குக் கற்பனை என்பதைவிடப் புனைவு நன்கு பொருந்துகிறது.

வெள்ளத்தைப் பற்றிய கதையெல்லாம் காலநிலைப் புனைவு ஆகாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளை மூழ்கடித்த நாட்களை ஒருவர் எத்தனை உருக்கமாக எழுதினாலும், மழையோடு தொடங்கி நீர் வடிவதோடு முடிந்தால் அது வெள்ளக் கதையே. அதே தெருவில் வெள்ளத்துக்குப் பிறகு கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைப்பவர்களையும், பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டு அவற்றைத் திரும்ப இறக்காதவர்களையும் எழுதி, நிரப்பப்பட்ட சதுப்பு நிலத்தையும் சூடேறும் கடலிலிருந்து கூடுதலாக ஈரம் அள்ளிவரும் காற்றையும் பாத்திரங்களின் வாழ்வோடு பிணைத்தால் அது காலநிலைப் புனைவு. ஒரு தனிமழையைக் காலநிலை மாற்றத்தின் தலையில் முழுவதுமாகச் சுமத்துவது அறிவியலுக்கும் பொருந்தாது. பல்லாண்டுக் காரணத்தை ஒரு வீட்டின் சில நாட்களுக்குள் எப்படித் தெரியவைப்பது என்பதே இவ்வகை எழுத்தின் உண்மையான சிரமம்.

இச்சிரமத்தை எதிர்கொள்ளத் தமிழ் எழுத்தாளருக்கு ஓர் அரிய துணை உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள், அதாவது பாடலின் அடிப்படை, என்கிறது. அவை கதைக்குப் பின்னால் தொங்கும் திரை அல்ல. குறுந்தொகை 66ஆம் பாடலில், தலைவன் திரும்புவதாகச் சொன்ன கார்காலம் வருவதற்கு முன்பே கொன்றை பூத்துவிடுகிறது. ‘வம்ப மாரியைக் கார்என மதித்தே’ அது பூத்தது, அந்த மரம் அறிவற்றது என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். காலம் தவறிப் பெய்யும் மழைக்கு வம்ப மாரி என்ற பெயர் அன்றே இருந்திருக்கிறது. ஆனால் உண்மையான கார் பின்னால் தவறாமல் வரும் என்ற உறுதியின்மேல்தான் தோழியின் ஆறுதல் நிற்கிறது. அந்த உறுதி மனிதனால் குலைந்த உலகத்தில் தோழி என்ன சொல்வாள் என்று கேட்கும் இடத்தில் காலநிலைப் புனைவு தொடங்குகிறது. ஆகவே சங்கப் பாடலை இவ்வகையின் முன்னோடி என்று பெருமைக்காகச் சேர்த்துக்கொள்வது சரியன்று. கருவியாகக் கொள்வதே தகும்.

சூழலியல் புனைவு என்பது இதனினும் விரிந்தது: காடழிப்பு, ஆற்று மாசு, யானை–மனித மோதல் எல்லாம் அதில் அடங்கும். நாவலை மட்டும் குறிக்க வேண்டுமாயின் காலநிலை நாவல் என்று எழுதலாம்.