ஹிட் பாயிண்டைக் கூட்டினால் மான்ஸ்டர் பயங்கரமாகிவிடாது

மூன்று வாரங்களுக்கு முன், பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்றுக்காகச் சரிபார்க்க எனக்கு வந்த ஒரு மான்ஸ்டருக்கு 640 ஹிட் பாயிண்ட் (விழுவதற்கு முன் தாங்கும் சேதப் புள்ளிகள்) இருந்தது. ஐந்தாம் நிலையில் உள்ள நான்கு பாத்திரங்களுக்கு எதிராக நிறுத்தப்பட வேண்டிய மான்ஸ்டர் அது. அதை உருவாக்கிய இளைஞர், இறுதிச் சண்டை யாராலும் மறக்க முடியாததாக அமைய வேண்டும் என்று தம் கடிதத்தில் எழுதியிருந்தார். நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து அதை ஆடிப் பார்த்தோம். பதினாறு சுற்றுகள், இரண்டே முக்கால் மணி நேரம். கடைசியில் அது சரிந்து விழுந்தபோது யாரும் கைதட்டவில்லை. 'அப்பாடா' என்ற பெருமூச்சு மட்டும் எழுந்தது. அந்த வகையில் உண்மையிலேயே மறக்க முடியாத சண்டைதான்.

மேசையில் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதாபாத்திர ஆட்டங்களுக்கு மான்ஸ்டர்களை வடிவமைப்பதும், பிறர் வடிவமைத்தவற்றைச் செப்பனிடுவதும் என் தொழில். (அரக்கன் என்று எழுதினால் மீசையும் கதாயுதமும் கண்முன் வந்து நிற்கின்றன, நான் சொல்ல வருவதில் பாதி உயிரிகளுக்கு முகமே கிடையாது. ஆகையால் மான்ஸ்டர் என்றே எழுதுகிறேன்.) இந்த ஆண்டில் இதே குறையோடு என்னிடம் வந்த பதினோராவது மான்ஸ்டர் இது. பதினொரு பேருக்கும் தனித்தனியே கடிதம் எழுதிக் களைத்துப்போனதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஹிட் பாயிண்ட் என்பது ஒரு மான்ஸ்டர் எவ்வளவு நேரம் மேசையில் இருக்கும் என்பதைச் சொல்லும் எண். அது எவ்வளவு அச்சுறுத்தும் என்பதை அந்த எண் சொல்லாது. இதை ஒரு முறை சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் சண்டை சப்பென்று இருக்கிறது என்று தோன்றியவுடன் முதலில் அந்த எண்ணில்தான் கை வைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். தவறிய அடிகளையும் சேர்த்துச் சராசரியாக ஒரு பாத்திரம் ஒரு முறையில் 10 புள்ளி சேதம் செய்கிறது என்று கொண்டால், நால்வர் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 40 புள்ளி. 120 ஹிட் பாயிண்ட் உள்ள மான்ஸ்டர் மூன்று சுற்றுகளில் விழும். 640 உள்ளது பதினாறு சுற்றுகள் நிற்கும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் பிடித்தால் எவ்வளவு நேரமாகும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். நான்காம் சுற்றில் நடந்ததே பதினான்காம் சுற்றிலும் நடக்கிறது என்றால், இடையில் உள்ள சுற்றுகள் எதற்காக?

ஹிட் பாயிண்டைத் தொடக்கூடாது என்றால் கவச எண்ணை (அடி படுவதற்குத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) கூட்டலாமே என்று ஒருவர் கேட்டார். அது இன்னும் மோசமான யோசனை. இருபது முகப் பகடையில் 11 விழுந்தால் அடி படும் என்ற நிலையில் பாதி அடிகள் படும். கவச எண்ணை 5 கூட்டினால் 16 விழ வேண்டும். நான்கில் ஓர் அடிதான் படும். ஹிட் பாயிண்டை இரட்டிப்பாக்கியதும் இதுவும் ஒன்றே. ஒரே வேறுபாடு, ஆட்டக்காரர் தம் முறைக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து, பகடையை உருட்டி, 'படவில்லை' என்று கேட்டுவிட்டு மறுபடி பத்து நிமிடம் காத்திருக்கிறார்.

பெரிய நிறுவனங்களே இதில் இடறியிருக்கின்றன என்பதால் புதியவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் நான்காம் பதிப்பு 2008இல் வெளிவந்தபோது, சண்டைகள் முடிவில்லாமல் நீள்கின்றன என்ற குறை பரவலாக எழுந்தது; 2010இல் வந்த அதன் மூன்றாவது மான்ஸ்டர் தொகுப்பில் மான்ஸ்டர்கள் செய்யும் சேதத்தை உயர்த்தினார்கள். அதே பதிப்பில்தான், ஒரே ஹிட் பாயிண்ட் மட்டும் உள்ள, ஓர் அடி பட்டால் விழுந்துவிடும் 'மினியன்' என்ற சிற்றடியாள் வகையும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அச்சம் ஹிட் பாயிண்டில் இல்லை என்று நான் சொல்ல வருவது விளங்கும்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஜெலட்டினஸ் கியூப். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஒரு கூழ்க்கட்டி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதன் கவச எண் வெறும் 6; கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் படும். வேகம் மனிதனின் வேகத்தில் பாதி. ஆனால் நிலவறைத் தாழ்வாரங்களும் பத்தடி அகலமே உள்ளவை, கட்டியோ ஒளி ஊடுருவுவது. தாழ்வாரத்தின் நடுவே ஓர் எலும்புக்கூடு அந்தரத்தில் மிதப்பதைக் கண்டு, அது ஏன் மிதக்கிறது என்று யோசித்துக்கொண்டே இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். இந்த மான்ஸ்டரின் வலிமை முழுவதும் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. அகன்ற சமவெளியில் கொண்டுபோய் நிறுத்தினால் அதைச் சுற்றி நடந்து போய்விடலாம்.

ரஸ்ட் மான்ஸ்டரின் கதையும் இதுதான். மலிவு விலையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் உருவாக்கிய உயிரி அது. அதே 2014 பதிப்பில் அதற்கு 27 ஹிட் பாயிண்ட்தான். ஆளைக் கொல்வதில் அதற்கு நாட்டமில்லை. இரும்பைத் துருவாக்கித் தின்பதே அதன் நோக்கம். ஆனால் டிராகனுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் கவச வீரர், இதைக் கண்டதும் மந்திரவாதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். உயிரை மட்டுமே பணயமாகக் கேட்கும் மான்ஸ்டர்களுக்கு ஆட்டக்காரர்கள் பழகிவிட்டார்கள். இது கேட்பது அவர்கள் ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த பொருளை.

சவால் மதிப்பு (மான்ஸ்டர் எவ்வளவு கடினமானது என்பதற்கான எண்) சரியாக வருகிறதே, பிறகென்ன என்று வாதிடுபவர்களுக்கும் ஒரு சொல். அந்த மதிப்பு நான்கு பேர் கொண்ட குழுவை மனத்தில் கொண்டது. அதைக் கணிக்கும்போது 2014 விதிநூல் மூன்று சுற்றுகளின் சராசரிச் சேதத்தைத்தான் எடுத்துக்கொண்டது. உங்கள் மான்ஸ்டர் செய்யும் விசித்திரம் அந்தக் கணக்கில் முழுமையாக அடங்காது. ஷேடோ என்ற நிழலுருவுக்கு அங்கே சவால் மதிப்பு அரைதான், ஹிட் பாயிண்ட் 16தான். ஆனால் அதன் ஒவ்வொரு தொடுதலும் உடல் வலுவிலிருந்து 1 முதல் 4 புள்ளிவரை குறைக்கிறது. வலு பூஜ்யமானால் சாவு. வலு 8 உள்ள மந்திரவாதி, பகடை கைவிட்டால், இரண்டே தொடுதலில் போய்விடுவார்.

ஒற்றை மான்ஸ்டரை நால்வருக்கு எதிராக நிறுத்துபவர்கள், அது ஒரு முறை செயல்படுவதற்குள் எதிர்த்தரப்பு நான்கு முறை செயல்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஐந்தாம் பதிப்பில் பெரிய டிராகன்களுக்கு மற்றவர்களுடைய முறை முடியும்போது இடையில் புகுந்து செயல்படும் மூன்று சிறப்புச் செயல்கள் தரப்பட்டிருப்பது இதற்காகத்தான். அவற்றை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டாம். உங்கள் மான்ஸ்டர் தன் முறை அல்லாதபோது என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரரைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றலை மூன்று சுற்றுகளுக்கு நீட்டாதீர்கள். அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க அவர் வரவில்லை. எல்லா வகைச் சேதத்துக்கும் விலக்கு வைக்காதீர்கள். இரகசியப் பலவீனம் வைப்பதானால் அதைக் கண்டுபிடிக்க வழியும் வையுங்கள். காயங்களைத் தானே ஆற்றிக்கொள்ளும் டிரோல் என்ற மான்ஸ்டர், தீயிலும் அமிலத்திலும் பட்ட காயத்தை உடனே ஆற்றிக்கொள்ள முடியாது என்பது ஊரறிந்த செய்தி. உங்களுடையது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. குகைச் சுவரில் கரி படிந்த இடத்தை மட்டும் அதன் காலடித் தடங்கள் சுற்றிப் போகின்றன என்று எழுதியிருந்தால் ஆட்டக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். ஆயிரம் ஆண்டு வரலாற்றை நான்கு பக்கத்துக்கு எழுதி, அது பசித்தால் என்ன செய்யும் என்பதை எழுதாமல் விட்டவருக்கு நான் கோபமாகவே பதில் எழுதினேன்; அதற்காக வருந்தவில்லை.

வெளியிட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது உண்மை. ஆனால் பல கண்கள் கொண்ட பிஹோல்டர், மூளையைத் தின்னும் மைண்ட் ஃப்ளேயர் என்ற புகழ்பெற்ற மான்ஸ்டர்களுக்கு அந்தத் தொகுப்பில் மான்ஸ்டர் குறிப்பு கிடையாது. பெயரை மாற்றி, கண்களில் ஒன்றைக் குறைத்து என்னிடம் அனுப்பாதீர்கள்.

தயவுசெய்து பழைய விதி ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டுத் தொடக்கநிலை விதிநூலில் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் 2 முதல் 12 வரை ஒரு மன உறுதி எண் இருந்தது. கூட்டத்தில் முதல் சாவு விழும்போதும், பாதிப் பேர் வீழ்ந்தபோதும் இரண்டு பகடைகளை உருட்டுவார்கள். அந்த எண்ணை மீறினால் அவை ஓடிவிடும் அல்லது பின்வாங்கும். உயிருள்ள எதுவும் கடைசிப் புள்ளிவரை நின்று சாவதில்லை. உங்கள் ஓநாய் ஏன் சாகிறது?

அந்த இளைஞருக்கும் இதைத்தான் எழுதினேன். தண்ணீரில் மூழ்கிய கோபுரத்தின் காவல் உயிரி அது. திருத்தி அனுப்பியபோது அதற்கு 120 ஹிட் பாயிண்ட்தான் இருந்தது. அதன் வால் மதகுச் சக்கரத்தைச் சுற்றிக் கிடந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தண்ணீர் ஓரடி உயர்ந்தது. நான்காம் சுற்றில் குள்ள இனத்துப் பாத்திரத்தின் மூக்குவரை தண்ணீர். வெட்டுவதா, சக்கரத்தை நோக்கி நீந்துவதா என்று நால்வரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் சுற்றில் எல்லாம் முடிந்தது. கடிகாரத்தில் முக்கால் மணி நேரம்தான் ஓடியிருந்தது. நீந்துவதற்காகத் தோளிலிருந்த புதையல் மூட்டையை நழுவவிட்ட ஆட்டக்காரர், அதைத் தேடி மறுபடி இறங்கலாமா என்று இன்னமும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.