விந்தணுவைத் தொடங்கிவைக்கும் ஊசிகள்: பிறவி ஹார்மோன் குறைபாடும் ஆண் மலட்டுத்தன்மையும்

பதினெட்டு வயதாகியும் மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை, விரைகள் சிறுவனுக்குரிய அளவிலேயே நிற்கின்றன என்று மருத்துவரிடம் வரும் ஓர் இளைஞரின் இரத்தத்தைச் சோதித்தால் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாக இருக்கும். அதில் வியப்பில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது, அதை ஈடுகட்டுவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்னும் இரு ஹார்மோன்களை வழக்கத்தைவிட மிகுதியாகச் சுரக்க வேண்டும். இவருக்கோ அவையும் குறைவாகவோ இயல்பளவின் கீழ் விளிம்பிலோ இருக்கின்றன. விரைகள் பழுதுபட்டிருந்தால் அவ்வளவு தாழ்ந்திரா. ஆகவே குறை விரைகளுக்கு மேலே, மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது என்று மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பிறவி ஹைப்போகொனடோட்ரோபிக் ஹைப்போகொனாடிசம் என்பது இந்நிலைக்கு மருத்துவம் இட்டிருக்கும், நாக்கைச் சுளுக்கும் பெயர். ஆண் மலட்டுத்தன்மைக்கான காரணங்களுள் மருந்தால் மாற்றக்கூடியவை மிகச் சில. அவற்றுள் முதலிடம் இதற்குத் தரலாம்.

இயல்பான உடலில், பிட்யூட்டரிக்கு மேலே உள்ள மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் இருக்கும் சில ஆயிரம் நரம்பணுக்கள் ஜிஎன்ஆர்எச் என்னும் ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்புகளாக வெளியிடுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் சுரந்து பதிலளிக்கிறது. எல்எச் விரைகளில் உள்ள லேடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கச் செய்கிறது. எஃப்எஸ்எச் செர்டோலி செல்களைச் சென்றடைகிறது. வளரும் விந்தணுக்களைத் தம் மடிப்புகளில் ஏந்தி ஊட்டமளிப்பவை இந்தச் செர்டோலி செல்களே. இக்குறைபாட்டில் முதல் கண்ணியான ஜிஎன்ஆர்எச் வருவதில்லை, அல்லது வந்தும் வேலை செய்வதில்லை.

அது ஏன் வருவதில்லை என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்கள் கருவில் தோன்றும் இடம் மூளை அன்று. மூக்கு உருவாகப்போகும் பகுதி. அங்கிருந்து வாசனை நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு அவை மூளைக்குள் ஊர்ந்து செல்கின்றன. பாதை அமையாவிட்டால் பயணமும் நின்றுவிடும். அதனால்தான் இக்குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வாசனை உணர்வு பிறவியிலேயே இராது அல்லது மிகக் குறைவாக இருக்கும். 1856-இல் ஸ்பெயின் நாட்டு உடற்கூற்றியலாளர் மேஸ்த்ரே தே சான் ஹுவான் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் சிறுத்த விரைகளையும் மூளையில் வாசனைப் பகுதிகள் இல்லாமையையும் சேர்த்துக் கண்டார். 1944-இல் ஃபிரான்ஸ் கால்மன் இது குடும்பங்களில் தொடர்வதை விவரித்தார். கால்மன் நோய்க்குறித்தொகுதி என்ற பெயர் நிலைத்தது. பருவமடையத் தாமதிக்கும் இளைஞரிடம் "உனக்கு வாசனை தெரிகிறதா?" என்று கேட்பதற்குச் செலவே இல்லை. ஆனால் பிறவியிலேயே வாசனை அறியாதவர் அதை ஒரு குறையாக உணர்ந்து தானாகச் சொல்வது அரிது, கேட்டால்தான் தெரியும்.

இனி சிகிச்சை. டெஸ்டோஸ்டிரோன் குறைவென்றால் அதையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்கவும் செய்கிறார்கள், மீசை வளரும், தசை திரளும், எலும்பு வலுப்பெறும், பாலுணர்வு வரும். விந்தணு மட்டும் வராது. காரணம், விந்தணு உருவாக வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் செறிவு விரைக்குள் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். ஊசியாகவோ களிம்பாகவோ வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனால் அந்தச் செறிவை எட்ட முடியாது; லேடிக் செல்கள் அவ்விடத்திலேயே சுரந்தால்தான் எட்டும். வெளி டெஸ்டோஸ்டிரோன் பிட்யூட்டரியையும் அடக்குவதால், நலமான ஆணுக்குக்கூட விந்தணு உற்பத்தியை அது நிறுத்திவிடும். எனவே குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கும்போது டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிட்டு, விரைகளை வேலை வாங்கும் ஹார்மோன்களுக்கு மாறுகிறார்கள். முன்பு பல ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டது இந்த வாய்ப்பைக் கெடுத்துவிடுவதில்லை.

எல்எச்சுக்கு மாற்றாகத் தரப்படுவது எச்சிஜி. கருவுற்ற பெண்ணின் உடலில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன் இது. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் கோடு விழச் செய்வதும் இதுவே. ஆணின் லேடிக் செல்லில் எல்எச் பொருந்தும் அதே ஏற்பியில் இதுவும் கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்எச் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். எச்சிஜி பாதியாக ஒரு நாளுக்கும் மேலாகும். ஆகவே வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, பெரும்பாலும் 1,000 முதல் 2,500 அலகு வரை, தோலுக்கடியில் போட்டுக்கொண்டால் போதும். டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்து மருத்துவர் இதைக் கூட்டிக் குறைப்பார். மிகுந்துவிட்டால் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி எஸ்ட்ரடையோல் என்னும் பெண் ஹார்மோனாக மாறி மார்பு வீங்கக்கூடும். சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பளவை எட்டிய பின் எஃப்எஸ்எச் சேர்க்கப்படுகிறது. வாரத்துக்கு மூன்று முறை 75 முதல் 150 அலகு என்பது பரவலான அளவு. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த மருந்து, 1990-களிலிருந்து மரபணுப் பொறியியல் வழியாகவும் தயாரிக்கப்படுகிறது.

ஆனால் எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்தாது என்பதுதான் அண்மைக்காலப் புரிதல். ஆண் குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் ஜிஎன்ஆர்எச் ஒருமுறை விழித்தெழுந்து, எல்எச், எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் உயர்கின்றன. வெளியே ஏதும் தெரியாத இந்தக் குறும்பருவத்தில் செர்டோலி செல்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. அப்போது அவற்றில் டெஸ்டோஸ்டிரோனுக்கான ஏற்பி இல்லாததால் அவை முதிர்வதில்லை. பதின்பருவத்தில் ஏற்பியும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து வரும்போது அவை முதிர்ந்து, பெருகுவதை நிறுத்திக்கொள்கின்றன. ஒரு செர்டோலி செல் குறிப்பிட்ட எண்ணிக்கை விந்தணுக்களையே தாங்கும் என்பதால், மொத்த உற்பத்தியின் உச்சவரம்பு அந்தப் பெருக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பிறவியிலேயே கடுமையான குறைபாடு உடையவருக்குக் குறும்பருவமே நிகழ்ந்திராது. விரையின் கொள்ளளவு 4 மில்லி லிட்டருக்கும் குறைவாக உள்ள அத்தகையவருக்கு எச்சிஜியை முதலில் கொடுத்தால், சொற்பமாக இருக்கும் செர்டோலி செல்கள் அப்படியே முதிர்ந்துவிடக்கூடும். எனவே சில மாதங்கள் எஃப்எஸ்எச்சை மட்டும் கொடுத்து அவற்றைப் பெருகவிட்டு, பிறகு டெஸ்டோஸ்டிரோனை எழுப்புவது பொருத்தமாகிறது. தவறிப்போன குழந்தைப் பருவத்தை இருபது ஆண்டு கழித்து நடத்திப் பார்க்கும் இந்த உத்தியே இச்சிகிச்சையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. நோயாளிகள் சிலரே என்பதால் பெரிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வுகள் இதற்கு இன்னும் தேவைப்படுகின்றன.

ஜிஎன்ஆர்எச்சையே கொடுக்கலாமே என்ற கேள்விக்கும் விடை உண்டு. பத்து அமினோ அமிலங்களாலான அதன் அமைப்பு 1971-இல் தெளிவானது. அதற்காக ஷாலி, கியமென் என்னும் விஞ்ஞானிகள் இருவரும் 1977-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் அதைத் தொடர்ச்சியாகச் செலுத்தினால் பிட்யூட்டரி மரத்துப்போய்ச் சுரப்பை நிறுத்திவிடுகிறது என்பதையும், மணிக்கொரு துடிப்பாகச் செலுத்தினால் சுரப்பு மீள்கிறது என்பதையும் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1978-இல் குரங்குகளில் காட்டினர். தொடர்ந்து தூண்டி அடக்கும் அதே வழி இன்று புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுகிறது. குழந்தை வேண்டுவோருக்கோ இடுப்பில் அணியும் சிறு பம்ப், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துடிப்பாக மருந்தைத் தோலுக்கடியில் செலுத்துகிறது. பிட்யூட்டரி நலமாக இருந்தால் மட்டுமே இது பலிக்கும். பல நாடுகளில் கிடைப்பதும் இல்லை.

எந்த வழியானாலும் பொறுமை வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்களும், விரையை ஒட்டிச் சுருண்டிருக்கும் விரைமேல் நாளத்தைக் கடக்க மேலும் சில நாட்களும் ஆகும். உறங்கிக் கிடந்த விரைகள் அந்த நிலைக்கு வளரவே மாதங்கள் பிடிக்கும். முதல் விந்தணு தென்பட ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகலாம். இறுதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு விந்தணு தோன்றுகிறது. தொடக்கத்தில் விரை சிறிதும் வளராதிருந்தவர்களுக்கும், சிறுவயதில் விரைகள் இரண்டும் இறங்காமல் இருந்தவர்களுக்கும் வாய்ப்பு குறைவு. எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பளவை எட்டாது. ஆனாலும் மில்லி லிட்டருக்குச் சில மில்லியன் விந்தணுக்களுடனேயே இயற்கையாகக் கருத்தரித்த இணையர் பலர். கருத்தரிக்கத் தாமதமானால், ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை கைகொடுக்கும். கிடைத்த விந்தணுவில் ஒரு பகுதியை உறைநிலையில் சேமித்து வைப்பது அடுத்த குழந்தைக்காக மீண்டும் ஈராண்டு ஊசி போட்டுக்கொள்வதைத் தவிர்க்க உதவும்.

கருத்தரிக்கும் முன் மரபணு ஆலோசனையும் அவசியம். 1991-இல் கண்டறியப்பட்ட முதல் காரண மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பிழை உடைய தந்தையிடமிருந்து மகனுக்கு அது போகாது, மகள்கள் எல்லோருக்கும் போய், அவர்கள் வழியாகப் பேரனுக்கு வரக்கூடும். வேறு மரபணுக்களில் பிழை இருந்தால் கணக்கு மாறும். ஆண் குழந்தை பிறந்தால், குறும்பருவம் நிகழும் முதல் சில மாதங்களுக்குள்ளேயே இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். அந்தச் சாளரம் மூடிய பிறகு பதின்பருவம் வரை ஹார்மோன் அளவுகள் எதையும் காட்டிக்கொடுக்கா.

சிகிச்சை பெற்றவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு, மருந்தை நிறுத்திய பின்னும் ஜிஎன்ஆர்எச் தானாகவே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கும்போது விரைகள் வளர்ந்தால், அது இந்த மீட்சியின் அறிகுறியாக இருக்கலாம். மீண்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் சுரப்பு மறுபடியும் நின்றுபோவதும் உண்டு என்பதால், அவர்களும் ஹார்மோன் அளவுகளை அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.