சப்போட்டா: ஒரு மெக்சிகோச் சொல்லின் பின்பாதி

சப்போட்டா வாங்கும்போது நகத்தால் தோலை லேசாகச் சுரண்டிப் பார்ப்போம். உள்ளே பச்சை தெரிந்து வெள்ளையாகப் பால் கசிந்தால் அந்தக் காயை ஒதுக்கிவிடுவோம். நாம் ஒதுக்கும் அந்தப் பாலுக்கும், தேடி வாங்கும் பழத்துக்கும் பெயர் வைத்தது ஒரே மொழி: மெக்சிகோவின் நாவாட்டல். ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் மொழியாக இருந்தது அது. 2020 கணக்கெடுப்பின்படி இன்றும் மெக்சிகோவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பேசுகிறார்கள்.

'ட்சபோட்ல்' என்பது மூலச்சொல். மென்மையும் இனிப்புமான சதை கொண்ட பழம் என்று பொருள். ஒரே மரத்துக்கு உரிய பெயர் அல்ல. முன்னால் ஓர் அடைமொழி சேர்த்து வெவ்வேறு பழங்களைக் குறித்தார்கள். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பழத்துக்கு 'கோச்சிட்சபோட்ல்' என்று பெயர். 'கோச்சி' என்றால் தூக்கம். தின்றால் தூக்கம் வரும் என்று நம்பப்பட்ட பழம் அது. நம்மூர்ப் பனிச்சைக்கு உறவான கறுப்புப் பழம் ஒன்றும் இதே பெயர்க் கூட்டத்தில் உண்டு. நாம் சாப்பிடும் சப்போட்டாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷிகோட்சபோட்ல்'.

1521-இல் அஸ்டெக் தலைநகர் தெனோச்டிட்லான் ஸ்பானியர் கையில் விழுந்தது. வென்றவர்களுக்குச் சொல்லின் கடைசியில் வரும் 'ட்ல்' ஒலி வாயில் நுழையவில்லை. 'தோமாட்ல்' அவர்கள் நாவில் 'தொமாத்தே' ஆயிற்று. 'ட்சபோட்ல்' 'சபோத்தே' ஆயிற்று. ஷிகோட்சபோட்ல் 'சிகோசபோத்தே' ஆனது. மெக்சிகோச் சந்தைகளில் இன்றும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

1565 முதல் 1815 வரை அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்த பழத்துக்கு அங்கே 'சிகோ' என்ற முன்பாதி மட்டும் பெயராக நின்றது. இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'சிக்கூ' அந்த முன்பாதிதான். பின்பாதி தாவரவியல் நூல்களில் 'சபோட்டா' என்று ஏறி, தமிழில் சப்போட்டா ஆயிற்று. மும்பையில் சிக்கூ கேட்பவரும் மதுரையில் சப்போட்டா கேட்பவரும் ஒரே சொல்லை ஆளுக்குப் பாதியாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஆசை வந்ததே இதை அறிந்த பிறகுதான்.

இந்தச் சொல் ஓர் இனத்தின் பெயருக்குள்ளும் இருக்கிறது. தெற்கு மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியில், கி.மு. 500 அளவில் மலையுச்சியில் மோன்தே அல்பான் நகரை எழுப்பியவர்கள் சபோதெக் மக்கள். 'சபோத்தே விளையும் இடத்தார்' என்பது அப்பெயரின் பொருள். நாவாட்டல் பேசிய அண்டை மக்கள் வைத்தது. தெஹுவான்தெபெக் பகுதியில் வாழும் சபோதெக்குகள் தங்களை 'பின்னிசா', அதாவது மேக மக்கள், என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 1858 முதல் 1872 வரை மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்த பெனித்தோ ஹுவாரெஸ், 1806-இல் இந்த மக்களிடையே ஒரு சிற்றூரில் பிறந்தவர்.

கிழக்கே மாயா மக்கள் சப்போட்டா மரத்தை 'யா' என்றார்கள். சிவந்த, மிகக் கடினமான, எளிதில் செல்லரிக்காத மரம். உக்ஷ்மால், சிச்சென் இட்சா கோயில்களில் வாசலுக்கு மேலே போட்ட உத்தரக் கட்டைகள் இந்த மரத்தால் ஆனவை. சுற்றியிருந்த கற்சுவர் சரிந்த இடங்களிலும் ஆயிரம் ஆண்டு தாண்டி நின்ற கட்டைகள் உண்டு.

இனி அந்தப் பால். மெல்லும் பிசினுக்கு நாவாட்டலில் 'ட்சிக்ட்லி' என்று பெயர், ஸ்பானியத்தில் 'சிக்லே'. மழைக்காலத்தில் காட்டுக்குள் போகும் 'சிக்லேரோ'க்கள், இடுப்பில் கயிறு கட்டி மரமேறி, பட்டையில் கோணல்மாணலாகக் கீறல் போடுவார்கள். கீறல் வழியே இறங்கும் பால் அடியில் கட்டிய பையில் சேரும். அதைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கிண்டிக் காய்ச்சி, கட்டியாக வார்ப்பார்கள். ஒருமுறை கீறிய மரத்துக்குச் சில ஆண்டு ஓய்வு வேண்டும். அவசரப்பட்டு மறுபடி கீறினால் மரம் பட்டுப்போகும். நாடு கடத்தப்பட்டு நியூயார்க்கில் இருந்த முன்னாள் மெக்சிகோத் தலைவர் சான்தா அன்னா மூலமாக, தாமஸ் ஆடம்ஸ் என்பவருக்கு இந்தப் பிசின் அறிமுகமாயிற்று. ரப்பருக்கு மாற்றாக்க முயன்று தோற்ற ஆடம்ஸ், 1871-இல் அதைச் சூயிங்கமாக்கக் காப்புரிமை பெற்றார். இன்று பெரும்பாலான சூயிங்கம் செயற்கைப் பொருளால் ஆனது. ஆனாலும் ஸ்பானியம் பேசும் பிள்ளைகள் கடையில் 'சிக்லே' என்றுதான் கேட்கிறார்கள்.

தமிழில் சப்போட்டாவுக்கு நேரான சொல் 'சீமை இலுப்பை'. கடல் கடந்து வந்த செடிகொடிகளுக்குச் 'சீமை' என்று அடை கொடுப்பது நம் வழக்கம். அந்த அடை பொதுவானது. 'இலுப்பை' என்று சேர்த்தார்களே, அது கூர்மையான பார்வை. சப்போட்டாவும் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டிலும் கிள்ளினால் பால் வரும், விதை பளபளவென்று வழுவழுப்பாக இருக்கும். மகிழமும் பாலை மரமும் அதே குடும்பத்தவை. அந்தக் குடும்பத்துக்கு உலகத் தாவரவியல் வைத்த பெயரோ 'சப்போட்டேசியே'. நம் இலுப்பையும் மகிழமும் இன்று ஒரு நாவாட்டல் பெயருக்குள் அடங்குகின்றன.

பாடநூலிலும் மரங்களைப் பற்றிய கட்டுரையிலும் சீமை இலுப்பை என்றே எழுதலாம். உறவைச் சொல்லும் பெயர் அது. கடையில் அப்படிக் கேட்டால் பழம் கிடைக்காது, அங்கே சப்போட்டாதான் சரி. பழச்சாறுக் கடைப் பலகைகளில் 'சிக்கு' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். தமிழில் சிக்கு என்றால் தலைமுடியில் விழுவது.

இந்த உறவை நாற்றுப்பண்ணைக்காரர்கள் தினமும் கையாள்கிறார்கள். சப்போட்டாக் கிளையைப் பாலை நாற்றின் மேல் ஒட்டுக் கட்டுவது இங்கே வழக்கம். பாலையின் வேர் வறட்சியைத் தாங்கும். ஒட்டுக்கன்று வாங்குகிறவர்கள் தண்டில் ஒட்டிய முடிச்சைத் தேடிப் பாருங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பது பாலை, மேலே துளிர்ப்பது சப்போட்டா. கீழ்த்துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.