நாயும் தெரிய வேண்டும், கல்லும் தெரிய வேண்டும்

ஜூன் மாதம் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கிற வாரத்தில் என் மேஜை முன்னால் தினமும் ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து நிற்பார்கள். பிள்ளை பி.காம். சேர்ந்திருக்கும், இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். "கலை ரசனைன்னு ஒரு பேப்பர் இருக்காமே, அதை எடுத்தா மார்க் வருமா சார்? இதைப் படிச்சு புள்ள என்ன செய்யப் போவுது?"

முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மார்க் வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் வராது. இரண்டாவது கேள்விக்கு, பின்னால் இன்னும் நாலு பேர் ஃபாரத்தோடு நிற்கும்போது பதில் சொல்ல முடிவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பல வருஷமாக இந்த அறிமுகப் பாடத்தை நடத்துகிறேன். பாடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே பயந்துபோய்ச் சொல்வது, "எனக்குப் படம் வரையத் தெரியாது சார்." இந்தப் பாடத்தில் யாரும் வரையச் சொல்ல மாட்டார்கள். அடுப்புப் பக்கமே போகாதவருக்கும் குழம்பில் புளி தூக்கலாக இருப்பது தெரிகிறதே, அந்த நாக்கைக் கண்ணுக்குக் கொண்டுவருகிற வேலைதான் இது. மீதிப் பாதிப் பேர், சீனியர்கள் சொன்னதைக் கேட்டு, சும்மா படம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள். அவர்கள்தான் இரண்டாவது வாரம் திணறுவார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வருஷங்களில் நானும் இதை வரலாற்றுப் பாடம் மாதிரியே நடத்தினேன். ஓவியர் பெயர், பிறந்த வருஷம், படத்தின் பெயர், எந்த ஊர் அருங்காட்சியகம். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், மார்க் வாங்கினார்கள், செமஸ்டர் முடிந்த மறுநாள் மறந்தார்கள். அப்புறம் ஒரு இன்டர்னல் தேர்வில் வான்கோ 1889ல் வரைந்த நட்சத்திர இரவைத் திரையில் போட்டு, 'வானத்தின் நிறங்களை விவரிக்கவும்' என்று கேட்டேன். பாதிப் பேர் நீலம், மஞ்சள் என்று எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் கலங்கின பச்சை, பாசி நிறம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பச்சைக்காரர்களுக்கு மார்க்கைக் குறைத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு மாணவி பேப்பரோடு வந்தாள். "சார், நீங்க திரையில காட்டுனது பச்சைதான் சார். வேணும்னா இன்னொரு தடவ போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தேன். புரொஜெக்டர் விளக்கு தேய்ந்து, எல்லாவற்றின் மேலும் மஞ்சள் படர்ந்து, வானம் பச்சையாகத்தான் இருந்தது. எத்தனை வாரமாக அப்படி இருந்ததோ, நான் கவனிக்கவேயில்லை. அந்தப் படம் நீலம் என்று எனக்குத் தெரியும், அதனால் நீலமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீலம் என்று எழுதி முழு மார்க் வாங்கிய பிள்ளைகளும் திரையைப் பார்க்கவில்லை, முந்தின நாள் செல்போனில் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் மார்க் குறைத்திருந்தேன். திருத்திக் கொடுத்தேன். பாடம் நடத்துகிற முறையை மாற்றியது அந்த வாரம்தான்.

இப்போது முதல் வகுப்பில் பழமொழி ஒன்றைப் பலகையில் எழுதுகிறேன். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். தெருநாய் துரத்தும்போது எறிய ஒன்றும் கிடைக்காத எரிச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. நாய் என்று பார்த்தால் கல் மறைகிறது, கல் என்று பார்த்தால் நாய் மறைகிறது. சிலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் சட்டென்று பிடித்துவிடும்.

இதே கேள்வியை மேற்கில் பெரிய ஆட்களும் பேசியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பார்த்தால் வாத்து, இன்னொரு பக்கம் பார்த்தால் முயல் என்று தெரிகிற ஒரு கோட்டுப் படத்தைக் காட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்றார் கலை வரலாற்றாளர் கோம்பிரிச். படத்துக்குள் இருக்கும் உருவமும் அதன் துணியும் சாயமும் அப்படித்தான், ஏதாவது ஒன்றுதான் தெரியும் என்பது அவர் கட்சி. ரிச்சர்ட் வோல்ஹைம் என்ற தத்துவவாதி ஒத்துக்கொள்ளவில்லை. படம் பார்ப்பது என்றாலே உருவத்தையும் அது உட்கார்ந்திருக்கும் பரப்பையும் சேர்த்துப் பார்ப்பதுதான் என்றார் அவர். நம் பழமொழி கோம்பிரிச் கட்சி. என் வகுப்பு வோல்ஹைம் கட்சி. நாயும் தெரிய வேண்டும், கல்லும் தெரிய வேண்டும்.

அதற்கு வழி? முதல் இரண்டு வாரத்துக்கு என் வகுப்பில் மூன்று சொற்களுக்குத் தடை: அழகு, அற்புதம், தத்ரூபம். மூன்றாவது சொல்தான் பொல்லாதது. சிலையைப் பார்த்தாலும் தத்ரூபம், பெயிண்டிங்கைப் பார்த்தாலும் தத்ரூபம். அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. தடை போட்டதும் வகுப்பில் மயான அமைதி. பிறகு மெல்ல யாராவது ஆரம்பிப்பார்கள். "இடது பக்கம் இருட்டா இருக்கு சார்." அது போதும். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது, கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, கண் முதலில் எங்கே போய் விழுகிறது, ஏன் அங்கே விழுகிறது என்று வண்டி நகர்ந்துவிடும்.

எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கு நான்கு படி வைத்தார். விவரிப்பது, பகுத்துப் பார்ப்பது, பொருள் காண்பது, கடைசியில் மதிப்பிடுவது. உலகத்தில் பல கல்லூரிகளில் அறிமுகப் பாடம் இந்த வரிசையில்தான் போகிறது. நாம் எல்லோரும் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு ஆரம்பிக்கிறோம் என்பதுதான் தொல்லை. 2001ல் வெளியான ஓர் ஆய்வு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்தது. ஒரு படத்தின் முன் அவர்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 27 விநாடி. சிலர் நெடுநேரம் நின்றதால்தான் அந்த 27கூட. எல்லோரையும் நேர வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் ஆளை எடுத்துக்கொண்டால் 17 விநாடிதான். காசு செலவழித்து அவ்வளவு தூரம் போனவர்கள் கதையே இதுவென்றால், நெல்லையப்பர் கோயிலில் கொடிமரம் தாண்டி ஓடுகிற நம்மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உலகப் படங்களை வகுப்பில் காட்டும்போது இன்னொரு சிக்கல், அளவு. பிக்காசோ 1937ல் வரைந்த குவெர்னிகா உள்ளங்கைத் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைக் குழப்பமாகத்தான் தெரியும். அதன் நிஜ அளவு 3.49 மீட்டர் உயரம், 7.77 மீட்டர் அகலம். ஒரு வருஷம் எல்லோரையும் வாலிபால் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோர்ட்டின் அகலம் 9 மீட்டர். கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி போட்டு, படத்தின் கட்டத்தைத் தரையில் வரைந்தோம். அதன் ஓரத்தில் நின்றதும், "இவ்ளோ பெருசா?" என்று ஒரு பையன் கேட்டான். குண்டு விழுந்த அந்த ஸ்பெயின் ஊரின் ஓலத்தை ஏன் அவ்வளவு பெரிதாக வரைய வேண்டியிருந்தது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மோனலிசா இதற்கு நேர் எதிர். 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். அந்தக் கட்டத்தைப் போட்டதும் எல்லோருக்கும் ஏமாற்றம்.

மார்செல் துஷான் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1917ல் கலைப்படைப்பு என்று கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்ப் பீங்கான் வருகிற வாரத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. கட்டணம் கட்டினால் எல்லோரின் படைப்பையும் வைப்போம் என்று சொன்ன நியூயார்க் கண்காட்சியே அதை வைக்க மறுத்தது என்றதும் வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். சண்டை நல்லதுதான். ஆனால் அதிலேயே செமஸ்டரைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை, நம்மைச் சுற்றிப் பார்க்க அவ்வளவு கிடக்கிறது.

வீட்டுப் பழைய காலண்டர் ஒன்று கொண்டுவரச் சொல்வேன். சாமி படம் போட்டது. அச்சுப் படச் சாமிகள் வீட்டுக்கு வீடு வந்ததில் ரவிவர்மாவுக்குப் பெரிய பங்கு. அவர் 1894ல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டார். அது வெளியூர்க் கதை. உள்ளூர்க் கதை கோவில்பட்டியில் இருக்கிறது. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போய், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கச் சுவரேறின. இதை நான் கடைசியில்தான் சொல்வேன். முதலில் பார்க்க விடுவேன்.

ஒரு வருஷம் ஒரு மாணவி முருகன் படத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், மலையும் ஆறும் பின்னால தொங்க விட்ட மாதிரி இருக்கு. சாமி அதுக்கு முன்னால மேடையில நின்னு நம்மளப் பாக்காரு." நாடகத் திரைச்சீலை பற்றி அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. வரலாற்றைப் படிக்காமல் கண்ணாலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு இந்த வேலையில் கிடைக்கிற சம்பளம் இந்த மாதிரி வாக்கியங்கள்தான். (கல்லூரி கொடுப்பதையும் வாங்கிக்கொள்கிறேன்.)

செமஸ்டரின் பெரிய நாள் கிருஷ்ணாபுரம். பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்த வெங்கடாசலபதி கோயில். வீரப்ப நாயக்கர் மண்டபத்துத் தூண்களில் ஆளுயரத்துக்குச் சிலைகள். இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறவன், நாகாஸ்திரம் ஏந்திய கர்ணன், வீரபத்திரர். செல்போன் பைக்குள் போய்விட வேண்டும். ஆளுக்கு ஒரு சிலை, அரை மணி நேரம். பத்தாவது நிமிஷத்தில் நெளிவார்கள். "இன்னும் எவ்வளவு நேரம் சார் இதையே பாக்கச் சொல்லுதீங்க?" என்பார்கள். ஹார்வர்டில் ஒரு பேராசிரியர் ஒரே படத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார், நான் அரை மணிதானே கேட்கிறேன் என்பேன். பதினைந்தாவது நிமிஷத்துக்கு மேல்தான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

கொத்தனார் மகன் ஒருவன், மற்றவர்கள் நகத்தையும் நரம்பையும் கதையையும் எழுதிக்கொண்டிருந்தபோது, சிலையின் பக்கவாட்டில் போய் நின்றான். "சார், கைக்கும் உடம்புக்கும் நடுவுல இவ்ளோ இடுக்குல உளி எப்படிப் போச்சு? சுத்தியல ஓங்கவே இடமில்லையே. ஓங்காம தட்டித் தட்டித்தான் எடுத்திருக்கணும். எங்க அப்பா ஒருநாள்ல பாதி விரலக்கூட முடிக்க மாட்டாரு." தூணும் சிலையும் ஒரே கல். கை உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. அதுவும் கருங்கல். பேலூர், ஹளேபீடு சிற்பங்களின் மாக்கல் வெட்டியெடுக்கும்போது மிருதுவாக இருக்கும், பிறகுதான் இறுகும், அங்கே நகை வேலை மாதிரி நுணுக்கம் பண்ணலாம். கருங்கல் அந்தச் சலுகையைத் தராது. அவன் ஒருவன்தான் அன்றைக்குக் கல்லைப் பார்த்தான். அவன் கேட்ட பிறகு மற்றவர்கள் நாயை விட்டுவிட்டுக் கல்லுக்கு வந்தார்கள்.

அதே வருஷம் இன்னொரு அசைன்மென்டில் கிருஷ்ணாபுரம் சிலைகள் 'மென்மையான மாக்கல்லில்' செய்யப்பட்டவை என்று நாலு பக்கம் சரளமாக எழுதியிருந்தது. நேரில் வந்து நின்ற பிள்ளைதான். ஆனால் எழுதியது செல்போன். இப்போது இது அதிகம். தப்பான தமிழில், தப்பான வரிசையில், தான் பார்த்ததை எழுதுகிறவருக்கு நான் கூடுதலாகவே மார்க் போடுகிறேன். படிக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

செய்முறை புரிய வேண்டுமென்றால் கழுகுமலை வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழே குடைந்துகொண்டு வந்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். மேலே சிகரம் மின்னுகிறது, கீழே பாறை பாறையாகவே நிற்கிறது. முடிந்த கோயில் எதுவும் இவ்வளவு சொல்லித் தராது. கல்லில் எடுத்தது எடுத்ததுதான், மண்ணில் மறுபடி அப்பலாம். அந்த வித்தியாசத்துக்குக் காருகுறிச்சி மண்பாண்டச் சூளைகளுக்குப் போவோம். பத்தமடைப் பாய் கலையா கைத்தொழிலா என்று ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினோம், முடிவு வரவில்லை.

"புள்ள என்ன செய்யப் போவுது" என்ற கேள்விக்கு வருகிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போய்ப் படங்களை விவரிக்கப் பழக்கினார்கள். பழகியவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களில் கூடுதல் விவரங்களைக் கண்டார்கள் என்று 2001ல் ஆய்வு வந்தது. அப்பாக்களிடம் இதைச் சொன்னால் முகம் மலரும். ஆனால் இதைக் காட்டிப் பாடத்தை விற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பி.காம். பிள்ளை டாக்டராகப் போவதில்லை. நாளைக்கு ஊர்க் கோயில் திருப்பணிக் கமிட்டியில் உட்காரும், அவ்வளவுதான் நான் எதிர்பார்ப்பது. கல் சிலைக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கலாமா, மணலை வேகமாக அடித்துத் தூணைச் 'சுத்தம்' செய்யலாமா, பழைய சுவரோவியத்தின் மேல் வெள்ளை பூசலாமா என்று பேச்சு வரும்போது, "கொஞ்சம் பொறுங்க, அதுல என்ன இருக்குன்னு முதல்ல பாப்போம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மணல் அடித்தால் கல்வெட்டு எழுத்தும் சிலையின் மேல்தோலும் சேர்ந்தே போகும். போனது திரும்பாது.

திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் அடுக்கடுக்காக ஓவியங்கள் இருக்கின்றன, குதிரைகள் ஏற்றி வரும் கப்பல்கூட உண்டு. அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும், டார்ச் வேண்டும், படியும் செங்குத்து. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கிருஷ்ணாபுரத்துக்கே போங்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். விரைவு பஸ் எல்லாம் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். வெளிச்சம் சரிவாக விழும் நேரத்தில்தான் உளி போன தடமும் தெரியும். ஒரே ஒரு சிலை போதும். பக்கவாட்டிலும் போய் நின்று பாருங்கள்.