கலைமான் தலையும் சுவர்க் கொக்கியும்

சுவரில் மாட்டியிருக்கும் மான் தலைக்குள் மான் மிகக் குறைவு. பதப்படுத்திய தோலும், கொம்போடு வெட்டியெடுத்த மண்டையோட்டுத் துண்டும் மட்டும்தான் அந்த மிருகத்துடையவை. கண் கண்ணாடியால் செய்தது. கழுத்து, தாடை, தோள் எல்லாம் பாலியூரித்தேன் நுரையில் வார்த்த ஓர் உருவம். பாடம் செய்கிறவர்கள் அதை ஃபார்ம் என்பார்கள். அந்த ஃபார்மைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தச் சுவரில், எந்தக் கொக்கியில் தலை தொங்கப்போகிறது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் தனித்தனி வேலையாக நினைப்பதால்தான் நல்ல தோலும் நல்ல கொம்பும் கோணலாகத் தொங்குகின்றன, சில வீடுகளில் கீழேயும் விழுகின்றன.

மொரிசியசில் இதைப் பேச நமக்குக் காரணம் உண்டு. 1639இல் டச்சுத் தளபதி அட்ரியான் வான் டெர் ஸ்டெல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ரூசா மான், இன்று நம் அரசுச் சின்னத்தில் டோடோவுக்கு எதிரே நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை லாசாஸ், அதாவது மான் வேட்டைக் காலம். இறைச்சி கறியாகிவிடும், நல்ல கொம்புள்ள கலைமானின், அதாவது ஆண் மானின், தலையைச் சிலர் பாடம் செய்யக் கொடுப்பார்கள்.

அங்கேதான் முதல் சிக்கல் வருகிறது. சந்தையில் அதிகம் கிடைக்கும் ஃபார்ம்கள் அமெரிக்க வெள்ளைவால் மானுக்காகச் செய்தவை. ரூசாவின் முகம் வேறு. கண்ணுக்கு முன்னால் சுரப்பிக் குழி பெரிதாக, ஆழமாக இருக்கும். கழுத்தில் பிடரிமயிர் உண்டு. இணைசேரும் பருவத்தில் கலைமானின் கழுத்து தடித்துவிடும். அதனால் மானின் இனத்தை மட்டும் சொல்லி ஃபார்ம் வாங்கினால் போதாது. அந்த ஒரு மானின் அளவு வேண்டும்.

முக்கியமான அளவுகள் இரண்டு. கண்ணின் முன்மூலையிலிருந்து மூக்கு நுனி வரை உள்ள நீளம் ஒன்று. காதுகளுக்குச் சற்றுப் பின்னால் கழுத்தின் சுற்றளவு இன்னொன்று. தோலை உரிக்கும் முன்பே உடலில் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பதப்படுத்திய தோலை எப்படி இழுத்தாலும் கொஞ்சம் நீளும், நம்மை ஏமாற்றும். முக நீளத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஃபார்ம்கள் கால் அங்குல இடைவெளியில் விற்கப்படுவதற்குக் காரணமே அதுதான். கழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் அரத்தால் நுரையைத் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம். முகத்தைத் தேய்த்தால் எலும்பின் வடிவமே போய்விடும்.

பெரிய ஃபார்ம் போட்டால் மான் கம்பீரமாகத் தெரியும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. தோல் அதற்கு இடம் கொடுக்காது. தோலின் பலம் கொலாஜன் என்ற நார்களில் இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது இந்த நார்கள் வழுக்கி நகரும். தண்ணீர் வெளியேற வெளியேற நெருங்கி ஒட்டிச் சுருங்கும். பதப்படுத்துவது இந்தச் சுருக்கத்தைக் குறைக்கும், முழுவதும் நிறுத்தாது. ஈரத்தில் வலிந்து இழுத்துத் தைத்த தோல், அடுத்த சில வாரங்களில் காயும்போது எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே இழுக்கும். பிடரித் தையல் விரியும், இமை பின்வாங்கும், உதடு திறந்துகொள்ளும். குழிவான இடங்களில் தோல் பள்ளத்தை விட்டு எழும்பி, மத்தளத் தோல் மாதிரி நேராக விறைத்து நிற்கும். ரூசாவின் கண் முன் குழி இந்த ஆபத்துக்கு நேர் இலக்கு. அதனால்தான் ஃபார்மின் வழவழப்பான மேற்பரப்பை முரட்டுத் தாளால் தேய்த்து, பசை பிடிக்கும்படி செய்து, பள்ளங்களில் தோல் காயும்வரை ஊசி குத்தி வைப்பார்கள். மிகச் சிறிய ஃபார்மிலோ தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும்.

சரி, அளவு முடிந்தது. அடுத்தது நிலை. தலை நிமிர்ந்த நிலை, பாதி நிமிர்ந்த நிலை, கழுத்தைத் தாழ்த்தி முன்னே நீட்டிய நிலை என்று ஃபார்ம்கள் வரும். இடம் திரும்பியது, வலம் திரும்பியது என்றும் உண்டு. பெரும்பாலோர் அழகைப் பார்த்து முடிவெடுப்பார்கள். நான் முதலில் எடையைப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு தலை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் சுவரில் இல்லை, சுவருக்கு வெளியே இருக்கிறது. நிமிர்ந்த நிலையில் 25 சென்டிமீட்டர் வெளியே என்றால், கழுத்து நீட்டிய நிலையில் 35 ஆகலாம். அந்த எடை கீழே மட்டும் இழுப்பதில்லை. ஃபார்மின் கீழ் விளிம்பைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மேலே உள்ள கொக்கியைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. கணக்கு எளிது: எடையை வெளித் தூரத்தால் பெருக்கி, கீழ் விளிம்புக்கும் கொக்கிக்கும் உள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். கொக்கி 40 சென்டிமீட்டர் மேலே இருந்தால், நிமிர்ந்த தலை சுமார் 6 கிலோ விசையோடு பிடுங்கும். நீட்டிய தலை ஏறக்குறைய 9 கிலோ. அதே நீட்டிய தலையின் கொக்கியை 20 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 17 கிலோவைத் தாண்டிவிடும். மான் அதே மான்தான். கொக்கியை எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே வையுங்கள். ஆனால் ஃபார்மின் பின்னால் பதித்திருக்கும் மரப்பலகைக்குள் ஸ்க்ரூ இறங்க வேண்டும். நுரையில் மட்டும் இறங்கிய ஸ்க்ரூ நாளடைவில் தானே கழன்று வரும்.

திரும்பிய தலைக்கு இன்னொரு விஷயம் உண்டு. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் எதுவும் தன் ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும்வரை சுழலும். தலை இடப்பக்கம் திரும்பியிருந்தால் மையமும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். பலகையின் நடுவில் கொக்கி போட்டால் மான் சாயும். தையல் முடிவதற்கு முன்பே, கொம்பையும் பொருத்திய பிறகு, தற்காலிகமாகத் தொங்கவிட்டுச் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது நல்லது. படச் சட்டத்துக்குக் கட்டுவது போல இரண்டு வளையத்தில் கம்பி கட்டாதீர்கள். கம்பி கிடைமட்டத்தோடு 30 டிகிரி கோணத்தில் இருந்தால், அதன் ஒவ்வொரு பாதியும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும்.

அப்புறம் சுவர். 1960இல் அலிக்ஸ், கரோல் புயல்களுக்குப் பிறகு நம் ஊரில் கான்கிரீட் வீடுகள் பெருகின. சுவர் என்பது பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் உள்ள பிளாக், மேலே சாந்துப் பூச்சு. ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் ப்ளக், பூச்சில் மட்டும் நின்றால் எதையும் தாங்காது. பிளாக்கின் முன்பக்கச் சுவரைத் தாண்டி, வெற்றிடத்தில் விரிந்து பிடிக்கும் நீள ப்ளக் வேண்டும். துளையிடும்போது கடைசிப் பகுதியில் டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த முன்பக்கச் சுவரின் உள்புறம் உடைந்து பிடிமானம் போய்விடும். பழைய மரவீடு என்றால் பலகையை விட்டு, உள்ளே நிற்கும் சட்டத்தைத் தேடி ஸ்க்ரூ போடுங்கள். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ மட்டும்.

கியூர்பிப் போன்ற மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள் மழைக்காற்று அறையும் வெளிச்சுவரைத் தவிர்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் தோலில் பூஞ்சை பிடிக்கும். உள்சுவராக இருந்தாலும், கீழ் விளிம்பில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள். பின்னால் காற்று போகும், தலையும் பக்கவாட்டில் நகராது.