எது சிறந்த சிட்காம்? முதலில் எந்தக் காப்பியில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்

எனக்குத் தொழில் எடிட்டிங். பழைய தொலைக்காட்சித் தொடர்கள் டேப்பாகவும் ஃபிலிமாகவும் என் மேசைக்கு வரும். கீறல் எடுத்து, ஒலியைச் சீர்செய்து, இன்றைய திரைகளில் ஓடுகிற மாதிரி ஃபைலாக்கிக் கொடுக்க வேண்டும். அதனால், நாலு பேர் கூடிய இடத்தில் ‘எது சிறந்த சிட்காம்’, அதாவது அரை மணி நேர நகைச்சுவைத் தொடர், என்று பேச்சு கிளம்பினால் கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். நான் தீர்ப்பு சொல்வதில்லை, ஒரு கேள்விதான் கேட்பேன்: எந்தக் காப்பியில் பார்த்தீர்கள்? அது என்ன பெரிய விஷயம் என்பதுபோல் பார்ப்பார்கள். பெரிய விஷயம்தான். ஏனென்றால் பாதிச் சண்டையில் இவர்கள் ஒப்பிடுவது இரண்டு தொடர்களை அல்ல, ஒரு தொடரின் நல்ல காப்பியையும் இன்னொன்றின் கைகால் ஒடிந்த காப்பியையும்.

என் கையால் ஒடித்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றை அகலத்திரைக்கு மாற்றச் சொன்னார்கள். அந்தக் காலத்து டிவி கிட்டத்தட்டச் சதுரம், 4:3. இன்றைய டிவி 16:9. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது, திரை நிறைய வேண்டும் என்பது உத்தரவு. நிறைக்க ஒரே வழி படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டுவது, அப்படி வெட்டினால் படத்தின் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். நானும் ஒலியை அணைத்துவிட்டு, இரட்டை வேகத்தில் ஓட்டி, யார் தலையும் துண்டாகவில்லை என்று பார்த்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தரம் பார்க்கும் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘இந்த இடத்தில் ஏன் சிரிக்கிறார்கள்?’ போய்ப் பார்த்தால், ஒருவர் பேசாமல் நிற்கிறார், அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. சிரிப்புக்குக் காரணம் தரையில் இருந்திருக்கிறது. தரையை நான் வெட்டிவிட்டேன்.

பெரிய தொடர்களுக்கும் இது நடந்தது. சைன்ஃபெல்டில் 1997இல் வந்த ஒரு எபிசோடின் பெயரே ‘தி பாட்ஹோல்’, சாலைக் குழி. ஜார்ஜின் சாவிக்கொத்து குழியில் விழ, அதன்மேல் தார் போட்டு மூடிவிடுகிறார்கள். 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் அந்தத் தொடர் அகலத்திரையில் வந்தபோது, ஜார்ஜும் அவன் நண்பன் ஜெர்ரியும் குனிந்து எதையோ பார்க்கிற காட்சியில் அந்தக் குழியே ஃபிரேமுக்கு வெளியே போயிருந்தது. சிம்ப்சன்ஸில் டஃப் பியர் ஆலைக் காட்சி ஒன்று உண்டு. டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை என்று மூன்று தொட்டிகள், மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே சரக்குதான் வருகிறது. 2019இல் டிஸ்னி ப்ளஸ்ஸில் வெட்டிப் போட்டபோது குழாய் காணாமல் போய், மூன்று தொட்டிகள் மட்டும் மிச்சம் இருந்தன. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு, அடுத்த ஆண்டு பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள். ஃப்ரெண்ட்ஸின் கதை வேறு. 35 எம்எம் ஃபிலிமில் எடுத்ததால் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதல் படம் மிச்சம் இருந்தது, அதைத் திறந்தார்கள். அப்போது ஒரு காட்சியில் மோனிக்கா உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பெண் தெரிந்தார். வெளிச்சம் பார்ப்பதற்கும் இடம் நிரப்புவதற்கும் உட்காரவைக்கும் ஆள் அவர். அந்த ஓரம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நம்பி எடுத்த படம் அல்லவா.

ஃபிரேமாவது கண்ணுக்குத் தெரியும். நேரத்தில் நடக்கும் திருட்டு தெரியவே தெரியாது.

1950களின் அமெரிக்க அரை மணி நேர நிகழ்ச்சியில் கதைக்கு ஏறத்தாழ 25, 26 நிமிடம் கிடைத்தது. 1990களில் அது 22 நிமிடம் அளவுக்கு இறங்கிவிட்டது, மிச்சமெல்லாம் விளம்பரம். அப்படியானால் பழைய எபிசோடை இன்றைய அரை மணிக்குள் மறுஒளிபரப்பு செய்ய மூன்று நான்கு நிமிடத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எதை எடுப்போம்? கதை அறுந்துபோகாமல் எதை உருவ முடியுமோ அதைத்தான். கதைக்கு வேண்டியது தங்கிவிடும், வெட்டிப்பேச்சு போய்விடும். ஆனால் சிட்காம் என்பதே வெட்டிப்பேச்சுதானே! மதுக்கூடம் ஒன்றில் நடக்கும் சியர்ஸில் பெயர் ஓடுவதற்கு முன் ஒரு சின்னக் காட்சி வரும், பெரும்பாலும் அன்றைய கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, யாரோ பாருக்குள் வருவார், ஏதோ சொல்வார், முடிந்தது. கத்தரிக்குத் தோதான இடம் அதுதான், அந்த மதுக்கூடத்தில் நாமும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்ட உணர்வைத் தருவதும் அதுதான். ‘சியர்ஸ் பரவாயில்லை, ஆனால் அப்படி ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

வெட்டாமலும் சுருக்கலாம், வேகத்தைக் கூட்டினால் போதும். ஃபிலிமில் எடுத்தது நொடிக்கு 24 படம். அதை ஐரோப்பாவில் இருந்த பழைய 25 படக் கணக்கில் அப்படியே ஓட்டினால் எல்லாம் நாலு சதவீதம் வேகமாகும், 25 நிமிட எபிசோடு 24இல் முடிந்துவிடும், ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் குரலும் ஒரு பிடி கீச்சென்று ஏறும். பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் இதைத் தெரியாமலே கேட்டுப் பழகியிருப்பார்கள். நாலு சதவீதம்தானே என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் ஒரே காட்சியின் இரண்டு காப்பிகளை டைம்லைனில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். கணவன் ஒரு பொய் சொல்கிறான், மனைவி உடனே பதில் சொல்லாமல் பார்க்கிறாள். வேகமான காப்பியில் அவள் பதிலைத் தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது. மெதுவானதில், பொய் என்று அவளுக்கு அந்த நொடியில்தான் புரிகிறது. அளந்தால் இரண்டு மூன்று ஃபிரேம், அதாவது இரண்டு மூன்று படம்தான் வித்தியாசம்.

அப்புறம் சிரிப்பொலி. இதில்தான் ஆளாளுக்குப் பெரிய நியாயம் பேசுவார்கள். ‘டப்பாச் சிரிப்பு போட்ட தொடர் எதுவும் நல்ல தொடர் இல்லை’ என்பது நிறையப் பேரின் கட்சி. எது டப்பா என்று கேட்டால் எல்லாவற்றையும் காட்டுவார்கள். சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் ஒரு பெட்டி செய்தார், பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த சிரிப்பு வரும், கலகலப்பு, அடக்கிய சிரிப்பு, வெடிச்சிரிப்பு என்று வகை வகையாக. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டமாட்டாராம். பார்வையாளர்களே இல்லாமல் எடுத்த தொடர்களுக்கு அந்தப் பெட்டிதான் சிரித்தது. ஆனால் ஐ லவ் லூசி, ஆல் இன் த ஃபேமிலி, சியர்ஸ், ஃப்ரேசியர் இவையெல்லாம் அரங்கில் ஆட்களை உட்காரவைத்து எடுத்தவை. சியர்ஸில் எபிசோடின் தொடக்கத்தில் ‘நேரடிப் பார்வையாளர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டது’ என்று வாய்விட்டுச் சொல்லியே ஆரம்பித்தார்கள். அங்கேயும் எடிட்டிங் மேசையில் கொஞ்சம் ஒட்டுப்போடுவது உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வித்தியாசத்தைக் காதால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. உண்மையான கூட்டம் சில சமயம் முந்திக்கொண்டு சிரிக்கும். கதவு திறப்பதற்கு முன்பே யார் வரப்போகிறார் என்று புரிந்துவிடும், ஒரு மூலையிலிருந்து கிளம்பி அரங்கம் முழுக்கப் பரவும், இடையில் ஒருவர் இருமுவார். பெட்டிச் சிரிப்பு முந்தாது, வசனம் முடிந்த ஃபிரேமில் எழுந்து, அளவாக அடங்கும். தி ஆட் கப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் முதல் சீசன் பெட்டிச் சிரிப்போடு வந்தது, அடுத்த சீசனிலிருந்து அரங்கில் ஆட்களை வைத்து எடுத்தார்கள். அதே இரண்டு நடிகர்கள், அதே பாத்திரங்கள். முதல் சீசனில் இருவரும் பேசிக்கொண்டே போகிறார்கள், இரண்டாவதில் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இணையத்தில் சிரிப்பொலியை அழித்துவிட்டுச் சுற்றும் துண்டு வீடியோக்களை நம்பி எந்தத் தொடரையும் எடைபோடாதீர்கள். அழித்தவர் சிரிப்பைத்தான் எடுத்தார், அதற்காக நடிகர் விட்ட இடைவெளியை எடுக்கவில்லை. ஒருவர் எதையோ சொல்லிவிட்டு நாலு நொடி சும்மா முறைத்துக்கொண்டு நின்றால் யாராக இருந்தாலும் பைத்தியம் மாதிரித்தான் தெரியும். நியாயமாகப் பார்க்க ஆசையா, மேஷ் தொடரின் டிவிடியைத் தேடுங்கள். கொரியப் போரின் ராணுவ மருத்துவமனைக் கதை, 1972 முதல் 1983 வரை வந்தது. அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி சிரிப்பொலி வேண்டும் என்று நிர்ப்பந்தித்தது, எடுத்தவர்களுக்கு விருப்பமில்லை, கடைசியில் அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்று ஆயிற்று. பிரிட்டனில் பிபிசி சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பியது. டிவிடியில் இரண்டு ஒலித்தடமும் உண்டு, ஒரே எபிசோடை இரண்டு விதமாகவும் பாருங்கள். ஒன்றில் நாயகனான டாக்டர் ஹாக்ஐ ஒரு கோமாளி, மற்றதில் தூங்காத மனிதன், உளறிக்கொண்டே இருந்தால்தான் அவனால் நிற்க முடியும். மேஷ் சிறந்ததா இல்லையா என்று எதிரெதிராகப் பேசுகிற இருவர் இந்த இரண்டு தடங்களைப் பார்த்தவர்களாக இருக்கலாம்.

சப்டைட்டில் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகைச்சுவையைச் சப்டைட்டிலோடு பார்க்கும்போது கடைசி வரி கீழே முழுதாக வந்து நின்றுவிடுகிறது, நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே நாம் படித்துச் சிரித்துவிடுகிறோம், பிறகு அவர் சொல்லும்போது பழைய செய்தி. நான் செய்தால் அந்த வரியைப் பிளந்து, வெடிக்கும் பாதியை அடுத்த சப்டைட்டிலுக்குத் தள்ளிவிடுவேன். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. மொழி பிடிபடும் என்றால் இரண்டாம் முறை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிவியில் அசைவை மழமழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள், எப்படி என்று யாரிடமாவது கேட்டாவது அணையுங்கள், அது தானாகவே ஆனாகிக் கிடக்கும்.

சரி, நான் எதைச் சொல்வேன்? ரொம்ப நாள் ஐ லவ் லூசி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1951இல் நியூயார்க்கிலிருந்து நேரலையாகச் செய்யுங்கள் என்று சிபிஎஸ் கேட்டது. அதில் நடித்த தம்பதி லூசில் பாலும் டெசி ஆர்னஸும் ஹாலிவுட்டை விட்டு வரமாட்டோம், 35 எம்எம் ஃபிலிமில், மூன்று கேமராவில், ஆட்கள் முன்னால் எடுக்கிறோம் என்றார்கள். கூடுதல் செலவுக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், பதிலுக்கு ஃபிலிமின் உரிமை அவர்களுக்கு வந்தது. அன்று அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் மௌனப்பட காலத்திலேயே பெயர் வாங்கியவர். அந்த நெகட்டிவ் அவ்வளவு சுத்தம். 20 ஆண்டு கழித்து வீடியோ டேப்பில் எடுத்த ஆல் இன் த ஃபேமிலியை விட லூசி இன்று பளிச்சென்று இருப்பது அதனால்தான். பிரிட்டனில் நிலைமை இன்னும் மோசம், டேப் விலை அதிகம் என்று பிபிசி பழையவற்றை அழித்து அதன்மேலேயே பதிந்தது, டேட்ஸ் ஆர்மியில் மூன்று எபிசோடுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒருநாள் லூசி சாக்லேட் ஆலைக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது, இந்தத் தொடர்மேல் எனக்கு இருக்கும் காதலில் பாதி அந்த நெகட்டிவ் மேல் உள்ள காதல். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நானே காப்பியைத்தான் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்!

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஒருமுறை ஒலியை அணைத்துப் பார்ப்பேன், ஒருமுறை திரைக்கு முதுகைக் காட்டிக் கேட்பேன். லூசி ஒலியில்லாமல் அசத்துகிறது, கேட்கும்போது கொஞ்சம் இளைத்துவிடுகிறது. சியர்ஸ் நேர்மாறு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். ஃப்ரேசியர் இரண்டிலும் தேறுகிறது, 1999இல் ஃப்ரேசியரின் தம்பி நைல்ஸ் தனியாகக் கால்சட்டையை இஸ்திரி போடும் காட்சியில் அநேகமாக வசனமே கிடையாது, வீடு பற்றி எரிகிற அளவுக்குப் போகும்.

ஆனால் என் ஓட்டு, ஒரு ஹோட்டலில் நடக்கும் பிரிட்டிஷ் தொடரான ஃபால்ட்டி டவர்ஸுக்கு. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தம் 12 எபிசோடுகள். எழுதியது ஜான் கிளீஸும் கோனி பூத்தும். முதல் ஆறை எழுதும்போது கணவன் மனைவி, இரண்டாவது ஆறு வருவதற்குள் பிரிந்துவிட்டார்கள், இருந்தும் எழுத்தில் ஒரு விரிசல் தெரியாது. 2000இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் துறைசார்ந்தவர்களிடம் கேட்டுத் தயாரித்த பட்டியலில் எல்லா வகை நிகழ்ச்சிகளையும் தாண்டி இது முதலிடம். 2004இல் பிபிசி மக்களிடம் சிட்காம்களுக்கு மட்டும் ஓட்டெடுத்தபோது ஐந்தாவது, முதலிடம் ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸுக்கு. 12 எபிசோடை 264 எபிசோடு வந்த ஃப்ரேசியரோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பீர்கள். ஃப்ரேசியரிலிருந்து சிறந்த 12ஐப் பொறுக்கி எதிரே வைத்துப் பார்த்தேன், ஃப்ரேசியர் மயிரிழையில்தான் தோற்றது. இத்தனைக்கும் ஃபால்ட்டியின் படம் மங்கல், உள்ளே வீடியோ, வெளியே ஃபிலிம், வாசலைத் தாண்டினால் வண்ணமே மாறும்.

‘தி கிப்பர் அண்ட் த கார்ப்ஸ்’ என்ற எபிசோடைப் பாருங்கள். விருந்தாளி ஒருவர் படுக்கையிலேயே இறந்துவிடுகிறார், பிணத்தை யார் கண்ணிலும் படாமல் ஒளித்தாக வேண்டும், ஹோட்டல் முதலாளி பேசில் அதை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைகிறான். 4:3இல், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு, முழு நீளக் காப்பியில் பாருங்கள். பார்த்த பிறகும் ஃப்ரெண்ட்ஸ்தான் என்றால் சரி, வாருங்கள், சண்டை போடலாம்.